கூகைக் கணவாயின் அடையாளச் சொல்

“மொக்கையனை வெளியே அனுப்புங்க, சாமி. அவன் தலை எனக்கு வேணும்.”

மடத்து வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் வல்லகண்டர். எல்லையில் கூகைக் கணவாய்க் கோட்டைக்குப் பதினாலு வருஷம் தளவாயாக இருந்தவர். இப்போது வயது அறுபது. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நின்றால் கால் ஓரிடத்தில் தரிக்காது. இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு இரண்டு வருஷமாக ஊர் ஊராகத் தேடி வந்திருந்தார்.

சாமிக்கு முப்பது வயதுகூட இராது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அவன் என்ன செஞ்சான்?”

“கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். எதிரி வழியில என் பல்லக்கைப் பறிச்சு, அதுல ஏறிக்கிட்டு வந்திருக்கான். இந்த மடையன் அடையாளச் சொல்லைக் கேக்காம, கும்பிட்டுத் திறந்திருக்கான். கோட்டை போச்சு. ராஜா சபையில வச்சு என் வாளை வாங்கிக்கிட்டார்.”

“ஆளைப் பார்த்தா தெரியுமா?”

“முந்நூறு காவக்காரங்க. யார் முகத்தைப் பார்த்தேன்? பேர் தெரியும், போதும்.”

“சரி. நீங்க எப்படித் தளவாய் ஆனீங்க?”

வல்லகண்டரின் முகம் மலர்ந்துவிட்டது. பழம்பெருமை பேச இடம் கிடைத்தால் எந்தக் கோபமும் கொஞ்சம் காத்திருக்கும்.

“நானும் அதே வாசல்ல காவல் நின்னவன்தான். ஒருநாள் ராஜாவோட மச்சான் கொட்டுற மழையில வந்தார். சொல் தெரியலை. மழை விடுற வரைக்கும் வெளியவே நிறுத்திவச்சேன். ராஜா கூப்பிட்டுத் தன் கையால வாளைக் கொடுத்தார். அப்புறம் ஏறுமுகம்தான்.”

சாமி கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

“மொக்கையன் தோட்டத்துக்குப் போயிருக்கான். நீங்க வந்தா ஓடிருவான். நானே அனுப்பிவைக்கிறேன். அதுவரைக்கும் வாசலுக்கு ஆள் வேணும், நில்லுங்க. இங்கயும் ஒரு சொல் உண்டு, ‘தவிடு’. சொல்லாதவங்க யாரையும் விடாதீங்க.”

தளவாயாக இருந்தவனுக்கு மடத்துக் காவலா என்று முணுமுணுத்தார் வல்லகண்டர். ஆனாலும் நின்றார்.

விறகுக்காரன் வந்தான். “தவிடு” என்றான். விட்டார்.

தயிர்க்காரி வந்தாள். சொல் தெரியவில்லை.

“தயிருக்கு எதுக்குய்யா தவிடு கிவிடு?” என்று வைதுவிட்டுத் திரும்பிப் போனாள்.

வல்லகண்டருக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கால் ஓரிடத்தில் நின்றது.

வெயில் சாய்ந்ததும் தூறல் போட்டது. சாமியின் காவிக் கம்பளி வரப்பில் வருவது தெரிந்தது. தலைக்கு முக்காடு. வல்லகண்டர் அவசரமாகக் கதவைத் திறந்து, குனிந்து கும்பிட்டார்.

வந்தவர் உள்ளே நுழைந்து முக்காட்டை விலக்கினார். சாமி இல்லை. நரைத்த மீசை, ஒட்டிய கன்னம்.

“மொக்கையனுங்க.”

வல்லகண்டரின் கை அரிவாளுக்குப் போனது.

“என்னைச் சொல் கேக்கலீங்களே, ஏன்?” என்றான் மொக்கையன்.

“சாமின்னு நினைச்சேன். சாமியைப் போய் எப்படிக் கேக்கிறது?”

சொன்னது அவர் வாய்தான். அது காதில் விழுந்ததும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் விட மனசு வரவில்லை.

“நீ கேட்டிருக்கணும்,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “என் பல்லக்கா இருந்தாலும் கேட்டிருக்கணும்.”

“ஒரு தடவை கேட்டேனுங்க, ஐயா. நீங்க தளவாயான மொத மாசம்.”

மொக்கையன் திரும்பி நின்று கம்பளியை முதுகிலிருந்து இறக்கினான்.

“என்னையே கேக்கிறியான்னு பன்னிரண்டு கசையடி கொடுக்கச் சொன்னீங்க.”