கண்ணைக் கொடுத்து வளர்ந்த நண்டு

அலையாத்திக் காட்டு உப்பங்கழியில் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு நண்டுகள் இருந்தன. மூத்தது செங்காலி. இளையது மினுக்கி. அக்கா என்றால் மினுக்கிக்கு உயிர் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவைப் பார்த்தாலே அதற்கு வயிறு எரியும்.

நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். புது ஓடு முதலில் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். இறுகும்வரை வளைக்குள் ஒளிந்திருக்க வேண்டும். பிறகு, கழற்றிய ஓட்டை வாசலில் வைப்பது அந்தக் கழியின் வழக்கம். ஊரே வந்து பார்த்து, "நல்ல வளர்த்திதான்" என்று சொல்லிவிட்டுப் போகும்.

அன்று செங்காலி வாசலில் ஓடு வைத்தது. மினுக்கியும் போனது. போகாமல் இருக்க முடியுமா? அக்காவை மேலும் கீழும் அளந்தது. முன்பு இரண்டும் ஒரே அளவு. இப்போது அக்காவின் முதுகு ஒரு சுற்று அகலமாகிவிட்டது.

"எனக்கு மட்டும் ஏன் இன்னும் ஓடு கழலவில்லை?" என்று கேட்டது.

"நீ எங்கே ஒழுங்காகத் தின்கிறாய்? நான் தின்பதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய்" என்றது செங்காலி. "நம் கண்காம்புக்குள் ஒரு சுரப்பு இருக்கிறது, மினுக்கி. உடம்பில் தெம்பு சேரும்வரை 'பொறு, பொறு' என்று ஓட்டைப் பிடித்து வைப்பது அதுதான். அந்தச் சுரப்பை உண்டாக்குகிற வித்தையை அம்மா முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பினாள். எனக்கு வைத்ததையேதான் உனக்கும் வைத்தாள். வயிறாரத் தின்னு, அதுவே விட்டுவிடும்."

நல்ல பேச்சுதான். பொறாமை பிடித்தவர் காதில் நல்ல பேச்சு நல்லபடியாக விழுந்தால்தானே! 'அம்மா இவளுக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் கஞ்சச் சுரப்பைத் தள்ளிவிட்டாள்' என்று கறுவிக்கொண்டே மினுக்கி திரும்பியது.

வேருக்கடியில் கிடந்த விலாங்கு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. இறுகிய நண்டைக் கடிக்கப் போய் அது பல்லை உடைத்துக்கொண்டது எத்தனையோ தடவை. மெத்தென்ற நண்டு என்றால் அதற்கு நாக்கில் எச்சில் ஊறும்.

"தங்கச்சி, பொறு என்று சொல்கிற சுரப்பு கண்ணில்தானே இருக்கிறது?" என்றது விலாங்கு. "கண்ணை வெட்டிவிட்டால் பொறு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? உன் கொடுக்கு என்ன சும்மாவா இருக்கிறது?"

மினுக்கி யோசித்தது. யோசித்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அக்காவின் முதுகு ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். ஒரு கண்ணைக் காம்போடு நறுக்கிவிட்டது.

ஓடு கொஞ்சம் நெகிழ்ந்தது, ஆனால் கழலவில்லை. அந்த நேரம் பார்த்துச் செங்காலி ஒரு மீன்தலையை இழுத்துக்கொண்டு வந்தது.

"உனக்காகத்தான் கொண்டு வந்தேன், தின்னு. ஐயோ, கண் எங்கேடி?"

"உன்னைப் பார்த்து எரிய ஒரு கண் போதும். பெருமை காட்டவா வந்தாய்? எடுத்துக்கொண்டு போ!"

"நீ என்னைவிடச் சின்னவள் என்று நான் எப்போதாவது சொன்னேனா?"

"சொல்ல வேறு வேண்டுமா? முதுகை விரித்துக்கொண்டு நிற்கிறாயே, அது போதாதா?"

செங்காலி அழுதுகொண்டே போனது. அக்காவின் அகன்ற முதுகு சேற்றில் மறைகிறவரை மினுக்கி பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மிஞ்சிய அந்தக் கண்ணையும் காம்போடு நறுக்கியது.

இப்போது தடுக்க யாருமில்லை. ஓடு வெடித்துக் கழன்றது. மினுக்கி மடமடவென்று தண்ணீரைக் குடித்து ஊதியது. உண்மையாகவே பெரியதாகிவிட்டது, செங்காலியைவிடப் பெரியது! ஆனால் ஓட்டை இறுக்க உடம்பில் ஒரு வேளைச் சாப்பாடுகூட இல்லை. தலையை இப்படித் திருப்பியது, அப்படித் திருப்பியது. எங்கும் இருட்டு. தான் எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியவில்லை.

அதைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. ஒளிந்திருக்க வேண்டிய நேரத்தில் தடவித் தடவி வளைக்கு வெளியே வந்தது.

"அக்கா, வந்து பார்! நம் இரண்டு பேரில் யார் பெரியவள்? சொல்!"

"நீதான் பெரியவள்" என்று பக்கத்தில் ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

மினுக்கிக்கு உச்சி குளிர்ந்தது. பிறந்ததிலிருந்து கேட்க ஏங்கிய வார்த்தை அல்லவா? "எவ்வளவு பெரியவள்? இன்னும் கிட்டே வந்து பார்த்துச் சொல்" என்றது.

"என் வாய்க்குக் கொஞ்சம் பெரியவள்தான்" என்ற விலாங்கு, இரண்டே கடியில் அதை முடித்தது.

குரல் கேட்டுச் செங்காலி ஓடி வந்தபோது அங்கே கலங்கிய தண்ணீர்தான் இருந்தது.

அடுத்தவர் வளர்ச்சியைக் கண்டு பொறாமையில் அவசரப்படுகிறவர், தம்மைக் காத்து நிற்பதையே தம் கையால் வெட்டி எறிந்துவிடுவார்.