பீரங்கிப் படைக்குக் கழுதைக் கொடி வந்த கதை

அந்தக் காலத்தில், விலங்குகளும் மனிதர்களும் சரிக்குச் சரி நின்று வழக்காடிக்கொண்டிருந்தபோது, எல்லாரையும்விட மெல்லப் பேசியது கழுதைதான். பெண் பார்க்கப் போன வீட்டில் பேசுவதுபோல அவ்வளவு பதமாகப் பேசும். இதை நம்பாதவர்கள் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வரலாம்.

கருவேலங்கோட்டையை அப்போது திம்மராசர் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய யானைப்படைக்கு யானைக் கொடி, குதிரைப்படைக்குக் குதிரைக் கொடி, காலாட்களுக்குப் புலிக் கொடி. புதிதாக ஏற்பட்ட பீரங்கிப் படைக்கு மட்டும் கொடியும் இல்லை, சின்னமும் இல்லை. சின்னம் இல்லாத படைக்கு நவராத்திரி விருந்துப் பந்தியில் இடம் கிடையாது. மற்றவர்கள் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, அடிப்பிடித்த பொங்கல் இவர்களுக்கு வரும்.

படை என்றால் பெரிய படையும் இல்லை. ஒரு வெண்கலப் பீரங்கி, அதைத் தள்ளச் சில ஆட்கள், வெடிமருந்து சுமக்கப் பொன்னுரங்கம் என்ற கழுதை, அவ்வளவுதான். தலைவன் பெயர் சொக்கையன். பீரங்கியை வார்த்தபோது உலைக்குப் பக்கத்திலேயே பழியாய்க் கிடந்தவன். பெற்ற பிள்ளையைப்போல் அதற்கு எண்ணெய் தடவித் துடைப்பான். அதன்மேல் ஈ உட்கார்ந்தால்கூட அவனுக்குப் பொறுக்காது.

ஆனால் பிள்ளையிடம் ஒரு குறை இருந்தது. ஒரு குண்டு போட்டதும் கடகடவென்று பின்னால் உருண்டுபோய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்ளும். அதை மறுபடி மதிலோரத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் எதிரி குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிடலாம்.

திம்மராசர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "சொக்கையா, அடுத்த சண்டையிலயும் இது ஒத்தக் குண்டோட படுத்துக்கிச்சுன்னா உருக்கிப்புடுவேன். மடப்பள்ளியில அண்டா பத்தலை" என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே மடைப்பள்ளிக்காரர் வெங்குசாமி ஒரு கயிற்றோடு வந்து பீரங்கியின் சுற்றளவை அளந்தார். "அண்டாவும் வரும், மிச்சத்துக்குக் கரண்டியும் வரும்" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். அன்றைக்குச் சொக்கையன் சாப்பிடவே இல்லை.

அந்த வாரமே பக்கத்துப் பாளையத்துப் படை ஏணியும் கையுமாக வந்து கோட்டையைச் சூழ்ந்தது. சொக்கையன் பீரங்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரியில் நெருப்பு வைத்தான். குண்டு போனது. பீரங்கியும் வழக்கம்போலப் பின்னால் ஓடியது. ஆனால் வேப்பமரம்வரை போகவில்லை. நடுவில் பொன்னுரங்கம் நின்று கொள்ளு தின்றுகொண்டிருந்தது. பீரங்கியின் பின்பக்கம் கழுதையின் பின்பக்கத்தில் இடித்து நின்றது.

பொன்னுரங்கம் வாயிலிருந்த கொள்ளை மென்று விழுங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, இவரு என்னை உதைச்சிட்டாரு."

"அது உதைக்கலப்பா. குண்டு போட்டா அது பின்னால வரும். கொஞ்சம் நகரு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றான் சொக்கையன்.

"உதைச்சவரு மன்னிப்புக் கேக்கட்டும். நகர்றேன்."

"வெண்கலம் எப்படிடா மன்னிப்புக் கேக்கும்?"

"எங்க வம்சத்துல உதை குடுத்துத்தாண்ணே பழக்கம். வாங்கிப் பழக்கமில்ல" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, பொன்னுரங்கம் பின்னங்கால் இரண்டையும் தூக்கி விட்டது ஓர் உதை.

பீரங்கி உருண்டு, மதிலோரத்தில் பழைய இடத்திலேயே போய் நின்றது. ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். சொக்கையனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "மருந்தைப் போடுங்கடா!" என்று கத்தினான்.

அடுத்த குண்டு போனது. பீரங்கி திரும்ப வந்து இடித்தது.

"மறுபடியுமா?" பொன்னுரங்கத்தின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. உதையும் பலமாக விழுந்தது.

சொக்கையன் பாவம் புண்ணியம் பார்க்கவில்லை. "பொன்னுரங்கம், உன் தாத்தாவப் பத்தி வேற இந்தப் பீரங்கி என்னமோ சொல்லுது, கேட்டுக்க" என்று தூபம் போட்டான். அவ்வளவுதான். குண்டுக்கு ஓர் உதை, உதைக்கு ஒரு குண்டு என்று ஆகிப்போனது. வெடிச்சத்தத்துக்கு மேலே தன் நியாயம் காதில் விழ வேண்டுமே என்று பொன்னுரங்கம் தொண்டை கிழியக் கத்தியது. கோட்டைக்குள் ஏகப்பட்ட பீரங்கிகள் இருப்பதாக எதிரிகள் நினைத்தார்கள். அந்தக் கத்தலைக் கேட்டதும், இதைவிடப் பெரிதாக ஏதோ வருகிறது என்று ஏணிகளைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

வெங்குசாமி கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு மடைப்பள்ளிக்குப் போய்விட்டார்.

"உன் படைக்கு என்னய்யா சின்னம் வேணும்?" என்று திம்மராசர் கேட்டார். சொக்கையன் வாயைத் திறப்பதற்குள் யானைப்படைத் தலைவர் முந்திக்கொண்டார். "சிங்கம் போடலாம் மகாராசா. கம்பீரமா இருக்கும்."

"சிங்கம் இன்னைக்கு எங்கய்யா இருந்துச்சு?" என்றான் சொக்கையன். "பீரங்கியும் கழுதையும் போடுங்க மகாராசா. முதுகோட முதுகா."

"படைச் சின்னம் எதிரிக்கு முதுகைக் காட்டலாமா?" என்றார் யானைப்படைத் தலைவர்.

"முகத்தைக் காட்ட வேண்டிய நாமெல்லாம் மதிலுக்குக் கீழதானய்யா ஒளிஞ்சிருந்தோம்" என்று திம்மராசர் சிரித்துவிட்டார். அந்த நவராத்திரிக்குப் பீரங்கிப் படை முதல் பந்தியில் உட்கார்ந்தது.

பிறகு சண்டையே வரவில்லை. பீரங்கி சும்மா கிடந்தது. பொன்னுரங்கத்துக்கோ அன்றைய சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. பதமான பேச்செல்லாம் மறந்துபோய், அந்த ஒரு கத்தல்தான் தொண்டையில் மிஞ்சியது. தினமும் பீரங்கிக்குப் பின்னால் வந்து முதுகைக் காட்டி நிற்கும். கோட்டை அதிரக் கத்தும். அப்புறம் காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருக்கும். பீரங்கி அசையாது. கழுதை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விடும்.

சில நாள் பார்த்தான் சொக்கையன். அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் யாரும் பார்க்காதபோது பீரங்கியைத் தோளால் முட்டித் தள்ளி, கழுதையின் பின்பக்கத்தில் மெல்ல இடிக்க வைத்தான். பொன்னுரங்கத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஆசை தீர ஓர் உதை விட்டுவிட்டுக் கொள்ளு தின்னப் போனது.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் கருவேலங்கோட்டைப் பீரங்கிப் படையின் கொடியில் கழுதை பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பொன்னுரங்கத்துக்குப் பதில் கிடைத்த நாள் முதல்தான் ஊரிலுள்ள கழுதைகளெல்லாம் காரணமே இல்லாமல் கத்திவிட்டு, பின்னாலிருந்து பதில் வருகிறதா என்று காதை நிமிர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கின்றன.