உப்பு மிகுந்த பொங்கலும் ஒரு குடம் தண்ணீரும்

மருதங்குறிச்சிப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் அரிசி களைவதும், விறகு அடுக்குவதும், உப்பு, புளி அளந்து போடுவதும் வடமலையாரின் பணி. மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. முழங்கால் வீங்கி, எழுந்திருக்கவே மனம் வராத நாட்களிலும் விடியுமுன் குளித்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுவார். பெருமாள் அமுது செய்யும்முன் அதன் வாசனையைக்கூட மனிதர் முகரலாகாது. ருசி பார்ப்பது எங்கே? நாக்கின் வேலையையும் அங்கே அளவுதான் செய்யவேண்டும். ஒவ்வொன்றையும் அளந்தபின், சரியாகத்தான் அளந்தோமா என்று அவர் மனம் அரித்துக்கொண்டே இருக்கும். "நாராயணா, நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லித்தான் அடுப்பைவிட்டு நகர்வார்.

ஆவணித் திருவோணத்தன்று உபயதாரர் கல் உப்புக்குப் பதிலாகத் தூள் உப்பு அனுப்பியிருந்தார். வடமலையார் தயங்கினார். ஒரு பானைப் பொங்கலுக்கு இரண்டு ஆழாக்குக் கல் உப்பு என்பதுதான் அவர் அறிந்த கணக்கு. அது எத்தனை எடை என்று தெரியாது. நிறுத்துப் பார்க்க மடைப்பள்ளியில் தராசும் இல்லை. கல்லானாலும் தூளானாலும் ஆழாக்கு ஆழாக்குதானே என்று எண்ணினார். பெருமாளுக்குக் குறைத்து அளந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் ஆழாக்கைத் தரையில் தட்டித் தட்டி, தூள் இறங்கிய இடத்தை மீண்டும் நிரப்பிப் போட்டார். கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெற்றிடம் உண்டு, தூளில் அந்த இடமும் உப்பாகவே நிறைந்துவிடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

உச்சிக்கால நிவேதனம் முடிந்து பொங்கல் மண்டபத்துக்கு வந்தது.

"என்னங்க இது, சமுத்திரத்தையே கிண்டி வெச்சிருக்காங்க!" என்றாள் முதல் வாய் உண்டவள்.

"பெருமாளு பாற்கடலைக் காலி பண்ணிட்டு உப்புக்கடலுக்குக் குடி போயிட்டாரு போல" என்றார் பக்கத்திலிருந்தவர். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. தொன்னைகள் குப்பைக்குப் போயின.

தர்மகர்த்தா அரங்கநாயகம் மடைப்பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். "ஓய் வடமலை, ஊரே சிரிக்குது. வாய்த்துணியை அவுத்து வெச்சிட்டுக் கிளம்பும். நாளையிலேருந்து உமக்கு இங்கே வேலை இல்லை."

வடமலையார் பானையிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். நாக்கு எரிந்தது. அந்தப் பணி போனால் அவருக்கு வேறு நாதியில்லை. ஆனாலும் அதைக் கேட்கவில்லை.

"தப்பு என்னுதுதாங்க, போயிடறேன். ஜனங்க துப்பிட்டாங்க. பெருமாள் துப்பியிருக்க மாட்டாரே! வட்டில்ல காட்டின ஒரு வாய்த் தீர்த்தம் அவருக்கு எப்படிங்க போதும்? நடை சாத்தினா சாயங்காலம் வரைக்கும் தண்ணி கேக்கக்கூட ஆளில்லை. ஒரு குடம் உள்ளே வெக்கச் சொல்லுங்க, போதும்."

மறுபடியும் சிரித்தார்கள். அர்ச்சகர் கோவிந்தப் பட்டர் மட்டும் சிரிக்கவில்லை. வடமலையார் வலிக்கும் காலோடு கிணற்றில் இறைத்துக் கொடுத்த குடத்தைச் சந்நிதிக்குள் வைத்து, நடையைச் சாத்திப் பூட்டினார். வடமலையாருக்கு வீடுவரை நடக்கத் தெம்பில்லை. கோபுர வாசலிலேயே சாய்ந்துகொண்டார்.

மாலையில் நடை திறந்த பட்டர் அலறிவிட்டார். "ஓய் வடமலை! ஓடி வாரும்! குடிச்சிருக்கார்!"

குடம் காலி. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பெருமாளின் திருவாயிலிருந்து திருமார்புவரை மட்டும், அவசரமாகக் குடித்தவர் மார்பில் வழிவதுபோல, ஈரம் வழிந்திருந்தது. கூடியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நம்பாதவர் வடமலையார் ஒருவரே.

"குடம் ஒழுகியிருக்கும் சாமி" என்றார். தாமே அதை மீண்டும் நிரப்பி, நெடுநேரம் பார்த்திருந்து, அடியைத் தடவினார். கை நனையவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. "அவ்வளவு தாகமா உனக்கு? ஏன் அப்பா சாப்பிட்டாய்?" என்று விம்மினார்.

தர்மகர்த்தா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்முன் வந்து நின்றார். "காலையில வந்துடுங்க, வடமலையாரே" என்றார்.

மறுநாள் வடமலையார் கடைத்தெருத் தராசில் ஓர் ஆழாக்குக் கல் உப்பை நிறுத்தி, அதே எடைத் தூளை ஆழாக்கில் கொட்டிப் பார்த்தார். அது விளிம்புவரை வரவில்லை. அந்த மட்டத்தில் ஒரு கோடு கீறிக்கொண்டு, மெல்ல நடந்து, அடுப்படிக்குப் போனார்.

தமக்கு வந்த கேட்டை மறந்து, பெருமாளின் தாகத்துக்கு வருந்தினார் வடமலையார். அந்த எளிய அன்பை நாமும் வணங்குவோம்.