கணக்குப்பிள்ளையின் கட்டைவிரல்

தீபாவளிக்குக் கூலிக்காரர் நாற்பது வீட்டுக்கும் ஆழாக்கு நல்லெண்ணெய் தருவது பண்ணை வழக்கம். கணக்குப்பிள்ளை சிதம்பரநாதன் கட்டைவிரலை ஆழாக்குக்குள் விட்டுத்தான் அளப்பார். எண்ணெய்மேல் அவ்வளவு பாசம்.

"விரலை வெளிய எடுத்துட்டு அளங்க சாமி" என்றாள் நடவுக்காரி இருளாயி.

"என் விரல் என்னடி எடத்தை அடைக்குது? அடைக்குதுன்னு பண்ணையார் முன்னால காட்டு. முடியலேன்னா குடிசையைக் காலி பண்ணு!"

இருளாயி ஆழாக்கைத் தாம்பாளத்தில் வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். "எடமே அடைக்காத விரலாச்சே! வழக்கம்போல விடுங்க. ஒரு சொட்டும் வழியாது."

பண்ணையார் பார்த்துக்கொண்டிருக்க, விரல் இறங்கியது, தண்ணீர் வழிந்தது. தாம்பாளத்தில் விழுந்ததை அவள் கரண்டியில் ஊற்றினாள். கரண்டி நிறைந்தது.

"இதுதான் உங்க விரலோட அளவு. நாப்பது வீட்டுக்கு வருசா வருசம் நாப்பது கரண்டி எண்ணெய். எங்க போச்சு சாமி?"

பண்ணையாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழைகளுக்குக் குறைந்ததே என்றல்ல. மிச்சம் பிடித்தது தன் வீட்டுக்கு வரவில்லையே என்று.

"கோவத்தை அப்புறம் தீத்துக்குங்க எசமான். முதல்ல எண்ணெயை ஊத்தச் சொல்லுங்க" என்று இருளாயி புட்டியை நீட்டினாள்.