விட்டுவிடச் சொன்ன ஒன்பது செல்கள்

ஜெனோவா கதவைத் தட்டவில்லை. காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆய்வுக் குழுவின் கடிதத்தை ரமீஜாவின் மேசைமேல் அறைந்தாள்.

ரமீஜா அவளுடைய நெறியாளர். வயதில் ஆறே வருடம் மூத்தவர். அப்போதுதான் சாப்பாட்டு அடுக்கைப் பிரித்து வைத்திருந்தார்.

“படிங்க மேடம். ஒன்பது செல்லையும் தூக்கிடணுமாம். இல்லேன்னா என் ஆய்வேடு நகராதாம்.”

“எந்த ஒன்பது?”

தெரிந்துகொண்டே கேட்கிறாரே என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடம், முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ரத்தப் புற்றுச் செல்களை ஒவ்வொன்றாகக் குத்தி, உள்ளே இருப்பதில் ஒரு துளியை மட்டும் உறிஞ்சிச் சோதித்தவள் அவள். மொத்தம் இருநூற்று நாற்பது. எல்லாவற்றிலும் கொடுத்த புற்று மருந்து இருந்தது. ஒன்பதில் மட்டும் அது உட்கருவுக்குப் போகாமல், செல்லின் கழிவுப் பைக்குள் அடைபட்டுக் கிடந்தது. அந்த ஒன்பதும் சாகவில்லை.

“‘எல்லாச் செல்லையும் மொத்தமா அரைச்சுச் சராசரி பாரும்மா, மருந்து சரியாத்தானே இருக்கு, அந்த ஒன்பது உன் கை நடுக்கம்’ங்கறாங்க. என் கையா நடுங்குது? நோய் திரும்பி வர ஒன்பது போதும் மேடம்! ஆளு செத்தப்புறம் சராசரியைக் கொண்டுபோய் வீட்டுல குடுப்பாங்களா?”

ரமீஜா தட்டில் சோற்றைப் போட்டார். சோற்றின்மேல் புளிக்குழம்பை ஊற்றினார். அதன்மேல் தயிர். அதன்மேல் சேமியா பாயசம். நன்றாகப் பிசைந்து அவள் பக்கம் தள்ளினார்.

“இதுல எது குறையுது?”

“எதுவும் குறையல.”

“அப்ப சாப்பிடு.”

ஜெனோவா தட்டைத் திருப்பித் தள்ளினாள்.

“இந்தப் பாடம் எனக்கெதுக்கு மேடம்? எது எந்த அடுக்குல இருக்கணும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குப் போய் ஊட்டுங்க.”

“எவங்களுக்கு?”

“குழுவுக்குத்தான். அஞ்சு பேரும் ஒரே ரகம்.”

“அஞ்சு பேருமா பேசினாங்க?”

“தலைவர்தான் பேசினார். மத்தவங்க கையெழுத்துப் போட்டாங்க.”

“போடறப்ப?”

“ஒருத்தர் மேசையையே பார்த்துக்கிட்டிருந்தார். அந்தச் செண்பகவல்லி மேடம் பேனா மூடியைத் திறக்கறாங்க, மூடறாங்க, திரும்பத் திறக்கறாங்க. அதனால என்ன? கடைசியில அஞ்சு கையெழுத்தும் ஒரே தாள்லதானே இருக்கு?”

ரமீஜா கடிதத்தை மடித்து அவளிடம் நீட்டினார்.

“இருநூத்தி நாப்பதை ஒவ்வொண்ணாப் பார்த்தியே, இந்த அஞ்சை மட்டும் ஏன் மொத்தமா அரைச்ச?”

ஜெனோவா கடிதத்தை வாங்கி விரித்து, ஐந்து கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மறுபடி மடித்துக்கொண்டாள்.

“கோபம் குறையல மேடம்.”

“குறைய வேண்டாம். செண்பகவல்லி ரூம் ரெண்டாவது மாடி. கதவைத் தட்டிட்டுப் போ.”