பிடிபட்டவன் எந்தப் பக்கம்?

முன்னொரு காலத்தில் பொன்மேடு என்ற சின்ன நாட்டைச் செங்கோடன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்ன சொல் மதியச் சாப்பாடு வரைக்கும் நிற்காது. அவனுடைய மந்திரி வெண்பூதனார் அதிகம் பேசமாட்டார். அந்த மந்திரி பதவியின் மேல் கண் வைத்துக்கொண்டு அரசவையில் திருமேனியார் என்று ஒரு பிரபு இருந்தார். பட்டுச் சால்வை இல்லாமல் அவர் குளிக்கப் போனதைக்கூட யாரும் பார்த்ததில்லை.

அந்த நாட்டில் மேல்மடை, கீழ்மடை என்று இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் ஒரே ஏரி. தண்ணீரை முதலில் யார் திறந்துகொள்வது என்று வருஷா வருஷம் அடிதடி. அந்த வருஷம் மழை குறைவு. நாற்று வாட ஆரம்பித்ததும் இரண்டு ஊராரும் கம்போடு கரைக்கு வந்துவிட்டார்கள். விவகாரம் அரசவைக்குப் போயிற்று.

திருமேனியார் முந்திக்கொண்டார். இரண்டு ஊருக்கும் சடுகுடு என்றால் உயிர், ஊருக்குப் பதினைந்து பேர் இறங்கட்டும், கடைசியில் களத்தில் நிற்கிற அணிக்கே முதல் தண்ணீர் என்றார். தோற்ற ஊர் சும்மா போகாது, மண்டை உடையும், பழி மந்திரி தலையில் விழும் என்பது அவருடைய திட்டம். ராஜாவுக்கோ வேடிக்கை என்றால் போதும், அப்படியே ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்தான்.

"மந்திரியாரே, நீரே நடத்தும். ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும் உம்முடைய பதவி திருமேனியாருக்கு," என்று சொல்லிவிட்டான்.

வெண்பூதனார் தலைவணங்கினார். "நடத்துகிறேன், அரசே. ஆட்டத்தின் விதியை மட்டும் நான் வகுத்துக்கொள்கிறேன்."

"தாராளமாக வகுக்கட்டும்," என்று சிரித்தார் திருமேனியார். விதி மாறினால் விரோதம் மாறிவிடுமா என்ற தைரியம் அவருக்கு.

குறித்த நாளில் ஏரிக்கரைக்குக் கீழே களம் போட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் மடியில் கல் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மந்திரி அதைப் பார்த்தார். ஆனால் பிடுங்கச் சொல்லவில்லை. களத்தின் நடுவில் போய் நின்று விதியைச் சொன்னார்.

"வழக்கமான சடுகுடுதான். ஒரே ஒரு மாற்றம். பாடிப் போகிறவன் பிடிபட்டாலும் சரி, அவன் கையால் எவன் தொடப்பட்டாலும் சரி, வெளியே போக வேண்டாம். எதிர்ப்பக்கம் போய் நின்று, இனி அவர்களுக்காக ஆட வேண்டும். ஒரு பக்கம் காலியானால் ஆட்டம் முடிந்தது."

இரண்டு ஊரும் முணுமுணுத்தது. ஆனால் பயந்துவிட்டது என்ற பேரை வாங்க எந்த ஊரும் தயாராக இல்லை.

மேல்மடை அணித் தலைவன் சடையன் முதல் பாட்டிலேயே மாட்டிக்கொண்டான். கீழ்மடைப் பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு முறைப்பாக நின்றான். பாவம், எவ்வளவு நேரம்தான் நிற்பான்? கண்ணெதிரே ஒருத்தன் தப்பாகப் பிடித்து ஆளைக் கோட்டைவிட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"காலைப் பிடிக்காதடா, இடுப்பைப் பிடி. காலைப் பிடிச்சா ஒன்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிருவான்."

கீழ்மடைத் தலைவன் குப்பாண்டி திரும்பிப் பார்த்தான். மேல்மடைக்காரன் பேச்சை அவன் பிறந்ததிலிருந்து காதில் வாங்கியதில்லை. ஆனால் நல்ல ஆட்டக்காரனை அவனுக்கு அடையாளம் தெரியும்.

"நீ நடுவுல நில்லுய்யா," என்றான். "பயலுவளுக்கு நீயே சொல்லு."

சொந்த அணியில் தன் இடத்தை எதிராளிக்குக் கொடுப்பது லேசில்லை. அதைச் செய்தானே, அவன்தான் தலைவன்.

உச்சிவேளைக்குள் ஒவ்வொருவனும் இரண்டு மூன்று தடவை பக்கம் மாறிவிட்டான். கல்லோடு வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். எறியக் கையை ஓங்கினால் அந்தப் பக்கத்தில் சொந்த மச்சான் நிற்கிறான். இந்தப் பக்கம் திரும்பினால் தம்பி. கை வலித்ததுதான் மிச்சம். ஒவ்வொருவராகக் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் ஒரு பக்கம் குப்பாண்டி மட்டும் தனியாக நின்றான். எதிரே சடையனையும் சேர்த்து இருபத்தொன்பது பேர். பாடிக்கொண்டே போனான். அவன் கூடப்பிறந்த தம்பி தோளைப் பிடித்தான், சடையன் இடுப்பைப் பிடித்தான். மூச்சு அறுந்தது. முப்பது பேரும் ஒரே பக்கம்.

"யாரப்பா ஜெயித்தது?" என்று கேட்டான் ராஜா.

"நாங்கதான் ராசா," என்றான் சடையன்.

"நாங்க என்றால் எந்த ஊர்?"

சடையன் திரும்பித் தன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். "இங்க நிக்கிற எல்லாரும்தான்."

ராஜா விழித்தான். கடைசியில் நிற்கிற அணிக்கே தண்ணீர் என்பது அவன் வாக்கு. அணியில் இரண்டு ஊரும் இருந்தது. அப்புறம் என்ன, இரண்டு மடையையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னான். தண்ணீர் போதாது, ஏரி மண்மேடிட்டுக் கிடக்கிறது, அணியே சேர்ந்து தூர் வாரட்டும் என்று மந்திரி எடுத்துக்கொடுத்தார். சரி என்று முப்பது பேரும் தலையாட்டினார்கள்.

திருமேனியாருக்குப் பொறுக்கவில்லை. "எதிரணியே இல்லாமல் இது என்ன வெற்றி, மகாராஜா?"

"நியாயமான கேள்வி," என்றார் வெண்பூதனார். "ஆனால் இவர்களுக்கு எதிராக நிற்க இப்போது தங்களைத் தவிர வேறு ஆள் இல்லையே."

ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிரபுவை உடனே களத்தில் இறக்கினான். சடையன் பாடிக்கொண்டு வந்தான். திருமேனியார் ஓடினார், தன் சால்வையைத் தானே மிதித்துக் குப்புற விழுந்தார். சடையன் குனிந்து அவர் தோளை மெதுவாகத் தொட்டுவிட்டுப் போனான்.

"தொடப்பட்டவர் அணியில் சேர்ந்தாயிற்று," என்றான் ராஜா. "அணியின் வேலையிலும் சேர வேண்டியதுதான்."

மறுநாள் முதல் முப்பத்தொரு பேர் தூர் வாரினார்கள். மந்திரிக்கு என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டதற்கு, அந்தக் களத்தை மட்டும் யாரும் உழாமல் விட்டுவைத்தால் போதும் என்றார். அப்படியே விட்டுவைத்தார்கள்.

பத்தாம் நாள் ராஜா மாறுவேடத்தில் ஏரியைப் பார்க்கப் போனான். முழங்கால்வரை சேறும் தலையில் மண்கூடையுமாக ஒருவர் எதிரே வந்தார். சால்வையைச் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்தார்.

"பார்த்து நடய்யா," என்று ராஜாவை அதட்டினார் திருமேனியார். "எங்க ஏரிக்கரையை மிதிச்சுச் சரிச்சுடாதே."