கெண்டை கொடுத்து வைத்த நெருப்பு

அந்தக் காலத்தில், மீனும் கொக்கும்கூட முகம் பார்த்துப் பேசிக்கொண்ட காலத்தில், மீனின் வயிற்றிலும் ஒரு நெருப்புத் துண்டு இருந்தது. மாட்டுக்கும் மனிதனுக்கும் இருக்கிறதே, அதே நெருப்புதான். மார்கழியானாலும் சித்திரையானாலும் ஒரே மாதிரி கனன்றது. ஆகவே மீனுக்கு எந்த மாதமும் ஒரே மாதிரி பசித்தது, உடம்பும் ஒரே சீராக வளர்ந்தது.

மருதமடைக் குளத்தில் வெள்ளாத்தா என்று ஒரு கெண்டை இருந்தாள். கேள்வி கேட்காமல் அவளால் ஒரு நாழிகை இருக்க முடியாது. தாமரை இலை ஏன் நனையவில்லை, நண்டு ஏன் நேராக நடக்கவில்லை என்று குளத்தில் இருந்தவர்களையெல்லாம் குடைந்து எடுப்பாள். இத்தனை கேட்டவள், கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டாள். அதனால் வந்ததுதான் இந்தக் கதை.

அந்த வருஷம் மார்கழி வாடை கடுமையாக அடித்தது. பாசி தழைக்கவில்லை, பூச்சி புழுவும் பிறக்கவில்லை. ஐப்பசி மழையில் பிறந்த வெள்ளாத்தாவின் குஞ்சுகள் இருந்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு அவளையே சுற்றிச் சுற்றி வந்தன.

"எம்மா, பசிக்கு" என்றான் கடைக்குட்டி பொடியன்.

"இப்பத்தானல தின்ன?"

"வயித்துக்குள்ள எரியுதும்மா."

அவனுக்கு மூத்தவர்கள் இரண்டு பேர் முந்தின நாளே பசியில் துவண்டு சேற்றில் சாய்ந்திருந்தார்கள். இனி ஒன்றையும் பறிகொடுக்க வெள்ளாத்தாவுக்குத் தெம்பில்லை. இரை வரும்வரை இந்த நெருப்பை எங்கேயாவது வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தாள். கரையோர வீடுகளில் அடுப்பு அணைந்துபோனால் அடுத்த வீட்டில் போய் நெருப்பு வாங்கிக்கொள்வார்கள் என்று தவளை சொல்லியிருந்தது. நெருப்பை வாங்க முடியும் என்றால் கொடுத்து வைக்கவும் முடியும்தானே. மீனுக்கு அடுத்த வீடு தண்ணீரைத் தவிர வேறு எது?

"யக்கா" என்று தண்ணீரைக் கூப்பிட்டாள். "எங்க நெருப்பக் கொஞ்ச நாளைக்கு வச்சிருப்பியா? தை பொறந்து வெயில் ஏறினதும் வாங்கிக்கிடுதேன்."

தண்ணீர் தயங்கியது. "வாங்கிக்கிட எனக்குத் தெரியும்ளா. வச்சிருக்கத் தெரியுமான்னுதான் தெரியல. இதுவரைக்கும் யாரும் தந்ததில்ல."

"பிள்ளைக சாவுதுக்கா."

அதற்கு மேல் மறுக்கத் தண்ணீருக்கு மனம் வரவில்லை.

வெள்ளாத்தா வாயைத் திறந்து நெருப்பை வெளியே விட்டாள். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அடுத்து பொடியன் விட்டான், மற்ற குஞ்சுகள் விட்டன. பசியோடு கிடந்த அயிரையும் கெளுத்தியும் வந்து சேர்ந்துகொண்டன. சேதி மடை வழியாக ஆற்றுக்குப் போய், அங்கிருந்து கடல்வரை போக, அங்கிருந்த மீன்களும் நெருப்பை விட்டன. வேடிக்கை பார்க்க வந்த தவளையும் ஊரோடு ஒத்துத் தன் நெருப்பைத் துப்பியது. "இந்தச் சத்தத்த எங்கயோ கேட்டிருக்கேனே" என்று சொல்லிவிட்டு ஒரு கொக்கைப் பார்த்ததும் பயத்தில் மறந்துபோனது.

குஞ்சுகளின் உடம்பு குளத்தைப் போலவே குளிர்ந்தது. பசி அடங்கிவிட்டது. அவை தின்னவும் இல்லை, வளரவும் இல்லை. ஆனால் செவுள் அசைந்தது, உயிர் இருந்தது. வெள்ளாத்தா நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள் என்று சொல்லலாம்தான், மீனுக்கு இமை இருந்திருந்தால்.

தை போய் மாசி வந்தது. வெயில் ஏறித் தண்ணீர் வெதுவெதுப்பானதும் குஞ்சுகளுக்குப் பசி எடுத்தது. பாசியும் தழைத்துவிட்டதால் ஆசை தீரத் தின்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்தன. கொடுத்ததை யக்கா கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறாள் என்று வெள்ளாத்தா மனம் குளிர்ந்தாள்.

சித்திரையில் குளம் வற்றிச் சுட்டது. தின்னு தின்னு என்று வயிறு விரட்டியது. ஆனால் சுட்ட தண்ணீரில் மூச்சு போதவில்லை. பொடியன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். வெள்ளாத்தா பதறிப்போனாள்.

"போதும்க்கா. நாங்க குடுத்தது இவ்வளவு இல்ல. எங்க நெருப்ப மட்டும் குடு, போதும்."

"நான் ஒண்ணும் தரலளா" என்றது தண்ணீர், மெதுவாக. "இது வெயில் தருத சூடு. நீங்க தந்தது அன்னிக்கே அவிஞ்சு போச்சு. நீ சந்தோசமா இருந்த. சொல்ல வாய் வரல."

கரையில் இருந்த தவளை தலையைத் தூக்கியது. "இப்ப ஞாபகம் வந்துட்டு. சோறு வடிச்சதும் பொம்பளைக கொள்ளிக்கட்டையில தண்ணி தெளிப்பாவ. அந்தச் சத்தம்தான் அது."

"தண்ணியில நெருப்பு அவியும்னு உமக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"யாருக்குத்தான் தெரியாது?"

"பொறகு நீரு எதுக்குத் துப்பினீரு?"

தவளை ஒரு பூச்சியைத் துரத்திக்கொண்டு தாவிப் போனது. தெரியாதது மீனுக்கு மட்டும்தான். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே கிடப்பவள் அடுப்பை எங்கே கண்டாள்?

வெள்ளாத்தா அழுதுகொண்டு நிற்கவில்லை. மூக்கால் பொடியனைத் தள்ளித் தள்ளி மடையடிப் பள்ளத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே மருத மரத்து நிழலில் தண்ணீர் ஆழமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. சாயும் பொழுதில் அவன் வாயை மூடினான். பிழைத்துக்கொண்டான்.

அன்று முதல்தான் மீனுக்கென்று தனியாக ஒரு சூடு இல்லாமல் போனது. தண்ணீர் குளிர்ந்தால் பசி அடங்கி வளர்ச்சி நின்றுவிடுகிறது. வெதுவெதுப்பானால் தின்று வளர்கிறது, சூடு மிஞ்சினால் மூச்சு முட்டுகிறது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நாம் ஹீட்டர் போட்டுப் பக்குவம் பார்ப்பதும் அதனால்தான். அந்தத் தொட்டி மீன் ஓயாமல் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, இரை கேட்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். 'தந்தால் திருப்பித் தர முடியுமா' என்று வெள்ளாத்தா அன்றைக்குக் கேட்காமல் விட்டதை, அது இன்னும் தண்ணீரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.